வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு எந்தப் பக்கத்து ஜன்னல்?

குறுக்குத்துறை:

பொங்கல் கழிந்ததும் அப்பா அம்மாவைத் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு அழைத்துப் போகிறேன். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். போவது காலையில், திரும்புவது மாலையில். அப்பா வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டார். பொதிகை மலை தெரியுமா, தாமிரபரணி ஆறு தெரியுமா என்று கேள்விக்கு மேல் கேள்வி. அம்மாவுக்கு வேறொன்றும் வேண்டாம், திருச்செந்தூர்க் கடலை மேலே இருந்து ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறார்.

இருக்கை எடுக்கும் பக்கத்தில் ஏ, சி, டி, எஃப் என்று நான்கு எழுத்துகள் மட்டும் காட்டுகிறது. ஜன்னலுக்குத் தனிக் கட்டணம். பணம் கொடுப்பதில் வருத்தமில்லை. கொடுத்துவிட்டு வழி முழுக்க இறக்கையைப் பார்த்துக்கொண்டு வரக்கூடாது. எந்தப் பக்கம், எந்த வரிசை என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்கு வாத்தியார்:

தம்பி, முதலில் எழுத்துக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் ஏ என்பது எப்போதும் இடது ஓரம். நம் ஊருக்கு வரும் ஏடிஆர் 72 சிறிய விமானம், நடைவழிக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பெரிய விமானத்தில் நடு இருக்கைகளுக்கு வைக்கும் பி, ஈ இரண்டையும் இங்கே தாண்டிவிட்டார்கள். ஆகவே உங்களுக்கு ஜன்னல் என்றால் ஏ அல்லது எஃப்.

இனித் திசை. வாகைக்குளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போடுங்கள். அது வடக்கிலிருந்து ஏறக்குறைய 26 பாகை கிழக்கே சாயும். அப்படியானால் ஏ ஜன்னல் மேற்கு வடமேற்கைப் பார்க்கிறது, எஃப் ஜன்னல் கிழக்கு தென்கிழக்கைப் பார்க்கிறது. தை மாதம் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. பொங்கலை ஒட்டித் தெற்கே ஏறக்குறைய 20 பாகை தள்ளித்தான் உதிக்கிறது. அதிகாலை விமானத்தில் அது எஃப் ஜன்னலுக்கு நேர் எதிரே வந்து நிற்கும். அந்தப் பக்கம் அமர்பவர் திரையை இறக்கிவிட்டுத் தூங்கத்தான் போகிறார்.

ஏ பக்கத்தில் வெயில் உங்கள் முதுகுப்புறத்திலிருந்து நிலத்தின் மேல் விழும். மலை மடிப்பு, குளத்துக் கரை, ஊர்க் கோபுரம் எல்லாம் நிழலோடு எடுப்பாகத் தெரியும். எனவே போகும்போது ஏ. அப்பாவுக்குப் பொதிகையும் அந்தப் பக்கம்தான்.


உப்பளத்துப் பையன்:

வாத்தியார் ஐயா கணக்கில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மலையைப் பார்க்க எதற்கு விமானம்? சேரன்மகாதேவி போகும் பஸ்ஸில் உட்கார்ந்தாலே தெரிகிறதே. மேலே ஏறினால்தான் தெரிகிற காட்சி என்பது கடல் பக்கம் இருக்கிறது.

தை மாதத்தில் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். நம் ஓடுபாதை கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. இரு முனைகளுக்கும் 10, 28 என்று எண். கிழக்குக் காற்றில் பெரும்பாலும் 10இல், அதாவது கடலைப் பார்த்து ஓடி மேலே கிளம்பும். அந்த முதல் சில நிமிடங்களில் எஃப் ஜன்னலில் இருப்பவருக்குத் தெற்கே தாமிரபரணி கழிமுகம், புன்னைக்காயல், அதற்கும் தெற்கே வளைந்து போகும் திருச்செந்தூர்க் கரை. அப்புறம் வடக்கே திரும்பி நேரானதும் அதே எஃப் பக்கம் துறைமுகம், அதன் நீளமான அலைத்தடுப்புச் சுவர்கள், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், முயல் தீவு. கொஞ்சம் மேலே போனால் வான் தீவு முதலான மன்னார் வளைகுடாத் தீவுகள். சூரியன் கண்ணில் அடிக்கும் என்பது மெய்தான். அதற்காக அம்மாவின் கடலை விட்டுவிட முடியுமா?


தென்காசிச் சாரல்:

பக்கத்தைப் பற்றிப் பேசுமுன் வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். படம் எடுப்பவன் என்பதால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஏடிஆரின் இறக்கை உடம்புக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் கீழே பார்ப்பதற்கு எந்த வரிசையிலும் இறக்கை தடையில்லை. பெரிய ஜெட் விமானங்களில் நடு வரிசைகளில் உட்கார்ந்தால் முக்கால் ஜன்னல் இறக்கையாகவே இருக்கும். இதில் அந்தக் கவலை கிடையாது. ஆனால் முன்பகுதி வரிசைகளுக்குப் பக்கத்தில் விசிறி சுற்றுகிறது. கண்ணுக்கு அது தெரியாது, காதுக்கும் கைபேசிக்கும் தெரியும். கைபேசிப் படத்தில் விசிறியின் அலகுகள் வாழைப்பழம் மாதிரி வளைந்து விழும். கருவி கோணலாக இல்லை. படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவு செய்வதால் வரும் விளைவு அது.

நடு வரிசைகளில் என்ஜினும் இறக்கையும் வானத்தை மறைக்கும். பின்பகுதி எடுத்துக்கொள்ளுங்கள், கழிப்பறைக்கு ஒட்டிய கடைசி வரிசை மட்டும் வேண்டாம். இந்த விமானத்தில் பயணிகள் ஏறுவது பின்கதவு வழியாக. பெரியவர்கள் குறுகிய நடைவழியில் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதி.


குறுக்குத்துறை:

இருக்கைக்கு நேரே ஜன்னல் இருக்கும் என்பதாவது நிச்சயமா? பெரியப்பா மகன் ஒருவன் மதுரையிலிருந்து போனபோது ஜன்னலுக்குப் பணம் கட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான். கேட்டதற்கு "ஜன்னல் ஓர இருக்கை என்றுதான் சொன்னோம், ஜன்னல் என்று சொல்லவில்லை" என்பது போல ஒரு பதில் வந்ததாம்.


தென்காசிச் சாரல்:

ஜன்னல்கள் விமானத்தின் உடற்சட்டத்தில் எந்த இடைவெளியில் விலா இருக்கிறதோ அந்த இடைவெளியில் வருகின்றன. அதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். இருக்கைகளை எவ்வளவு நெருக்கி வைப்பது என்பதை விமான நிறுவனம் முடிவு செய்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் சில வரிசைகளில் முழங்கைக்குப் பின்னால் ஒன்று, மூக்குக்கு முன்னால் ஒன்று என்று ஜன்னல் தள்ளிப்போகும். போயிங் 737இல் இன்னும் மோசம்: குளிர்காற்றை மேலே கொண்டுபோகும் குழாய் சுவருக்குள் ஓடுவதால், இடப்பக்கம் முன் நடுப்பகுதியில் ஒரு ஜன்னலையே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். உங்கள் உறவினருக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கலாம். விமான வகையையும் வரிசை எண்ணையும் சேர்த்துத் தேடினால், ஏற்கெனவே உட்கார்ந்தவர்கள் போட்டிருக்கும் படங்கள் கிடைக்கும். பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

ஜெட் விமானமாக இருந்தால் இன்னொன்று. இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் காட்சி முழுவதும் என்ஜின் புகையின் வெப்பத்தில் நெளியும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், படம் பொறுக்காது. இறக்கைக்கு முன்னே, அல்லது நன்றாகப் பின்னே தள்ளி, இந்த இரண்டுதான் இடம்.


செங்கோட்டை பாசஞ்சர்:

எல்லாம் சரி. ரயிலில் ஜன்னல் ஓரத்துக்கு யாரும் தனிக் கட்டணம் கேட்பதில்லை என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன். புனலூர் மலைப்பாதையில் பதிமூன்று கண் பாலத்தின் பக்கம் வண்டி ஊரும்போது எந்த விமானமும் காட்டாததை அது காட்டும்.


கணக்கு வாத்தியார்:

பாசஞ்சர் தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கேயும் நான் வந்து தலையாட்டிவிட்டுப் போகிறேன். இங்கே கேட்டவருக்கு விமான டிக்கெட் கையில் இருக்கிறது.


அம்பை மதினி:

ஆண்கள் எல்லோரும் திசைமானியை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மேகத்தை யாரும் நினைக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே ஆனி, ஆடியில் மலை பாதி நாள் காணாமல் போய்விடும். குற்றாலத்தில் சாரல் என்றால் மேலே இருந்து மலைக்குப் பதிலாக வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கம் மூடிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் மேகம் இல்லை, ஆனால் வெக்கையும் புழுதி மூட்டமும் சேர்ந்து எல்லாவற்றையும் மங்கலாக்கும். உச்சிவேளையில் விமானம் குலுங்கவும் செய்யும். மழை கழுவிவிட்டுப் போன பிறகு தையும் மாசியும்தான் இங்கே பறப்பதற்கு நல்ல காலம். அந்த வகையில் தம்பி நல்ல நாளாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்.

அது மட்டுமல்ல, தையில் பிசான நெற்பயிர் பச்சையாக நிற்கும், குளங்கள் நிரம்பிக் கிடக்கும். மருதூர் அணைக்கட்டிலிருந்தும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்தும் பிரியும் கால்வாய்களை ஒட்டிக் குளம் குளமாகக் கோத்துக்கொண்டு போகும் அழகை மேலே இருந்து ஒருமுறை பார்த்துவிட்டால், ஆறு என்பது ஒற்றைக் கோடு அல்ல என்பது புரியும். கடம்பாகுளம் எல்லாம் ஒரு சின்னக் கடல் போலத்தான். ஆனால் இதெல்லாம் ஓடுபாதைக்குத் தெற்கே. கிழக்கு நோக்கிக் கிளம்பும்போதும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கும்போதும் எஃப் பக்கம். அப்பாவுக்கு ஆறு வேண்டும் என்றால் ஏ போதாது.


உப்பளத்துப் பையன்:

மதினி சொன்னதும் என் கட்சிக்கு வலுச்சேர்க்கிறது. நன்றி.


தேரிக்காடு:

தெற்கே பார்க்கிறவர்கள் ஆற்றோடு கண்ணை நிறுத்திவிடாதீர்கள். அதற்கும் அப்பால் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே குதிரைமொழித் தேரி கிடக்கிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் திடீரென்று செக்கச்சிவந்த மணல். காலை வெயிலில் அந்தச் சிவப்பு இன்னும் ஏறும்.


கணக்கு வாத்தியார்:

உப்பளத்துப் பையனுக்கு ஒரு கேள்வி. தை மாதத்தில் உங்கள் உப்பளம் எப்படி இருக்கும்? வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே.


உப்பளத்துப் பையன்:

அதை நானே சொல்ல வேண்டியிருந்தது ஐயா. தையில் வெள்ளை இருக்காது. வடகிழக்கு மழை நின்று, தேங்கிய தண்ணீரை இறைத்து, பாத்தியை மிதித்துச் சரிசெய்யும் காலம் அது. உப்பு வாருவது வெயில் ஏறிய பிறகுதான். அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனிக்குப் பிறகு பறக்க வேண்டும். தையில் தெரிவது பழுப்பும் சாம்பலுமாகத் தண்ணீர்க் கட்டங்கள். ஆனால் சூரியன் எதிரே இருக்கும்போது அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மின்னி அணையும். எஃப் பக்கம் கண் கூசும் என்று ஐயா சொன்னாரே, அந்தக் கூச்சம் தருகிற காட்சி இது. இதை ஏ பக்கத்தில் இருப்பவர் பார்க்கவே முடியாது.

விமானம் வடக்கே திரும்புவது இடது பக்கம் சாய்ந்து. அப்போது ஏ ஜன்னல் தரையைப் பார்க்கும், எஃப் ஜன்னல் வெறும் வானத்தைப் பார்க்கும். இதை ஒப்புக்கொள்கிறேன்.


கணக்கு வாத்தியார்:

ஒப்புக்கொண்டதற்கு ஒரு பரிசு தருகிறேன். ஏ பக்கத்தில் மட்டுமே கிடைக்கும் ஒன்று உண்டு. காலையில் கீழே மெல்லிய மேகப்படலம் இருந்தால், சூரியனுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் விமானத்தின் நிழல் மேகத்தின் மேல் ஓடும். அந்த நிழலைச் சுற்றி வானவில் நிறத்தில் சிறு வளையங்கள் தெரியும். மேகத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாவது. சூரியன் இருக்கும் பக்கத்தில் எவ்வளவு விலை கொடுத்தாலும் அது கிடையாது. விமானம் மேகத்தை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகிக்கொண்டே வரும், அப்பாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

தூரம் பற்றியும் ஒரு வார்த்தை. 18,000 அடி உயரத்தில் தொடுவானம் கணக்குப்படி 260 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பொதிகை என்கிற அகத்தியர் மலை வாகைக்குளத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர்தான். எனவே மறைப்பது பூமியின் வளைவு அல்ல, இடையில் உள்ள மூட்டம். தெளிந்த காலையில் 1,868 மீட்டர் உயர முகடு தனியாகத் தூக்கி நிற்பது தெரிந்தே ஆக வேண்டும். ஏறிய பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும், அப்புறம் அது பின்னால் போய்விடும்.


தென்காசிச் சாரல்:

இழையைச் சற்று வெளியே இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொதிகைதான் வேண்டும் என்றால் தூத்துக்குடி விமானம் ஒரு எட்டிப்பார்வைதான். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குக் கோடு போட்டுப் பாருங்கள். அது ஏறக்குறைய குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் மேலேயே விழுகிறது. விமானம் எப்போதும் கோட்டின் மேலேயே போகாது என்றாலும், எஃப் பக்கம் உட்கார்ந்தால் கிளம்பிய சிறிது நேரத்தில் மலைத்தொடரைக் குறுக்கே தாண்டுவது கண்ணுக்குக் கீழே நடக்கும். காடு, காரையாறு அணையின் நீர்ப்பரப்பு, அப்படியே மலை சட்டென்று முடிந்து நம் சமவெளி. கேரளப் பக்கம் கரும்பச்சையும் நம் பக்கம் வெளிறிய பழுப்பும் ஒரே ஜன்னலில் தெரியும்போது மழைமறைவு என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் மண்டைக்குள் இறங்கும். பிற்பகல் விமானம் என்றால் வெயிலும் இடப்பக்கத்துக்குப் போய்விடுவதால் எஃப் பக்கம் கண் கூசாது.


காயல் காக்கா:

திருவனந்தபுரம் பேச்சு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்குகிற நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த இழையைப் படிப்பார்கள். அங்கே விமானம் தெற்கேயிருந்து கரையோரமாக வடமேற்கு நோக்கி இறங்கினால் ஏ பக்கம் கடல், கோவளம், விழிஞ்ஞம் துறைமுகம். எஃப் பக்கம் தென்னந்தோப்பும், விடிந்திருந்தால் தூரத்தில் அகத்தியர் மலையின் அந்தப் பக்கத்து முகமும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வருகிறவனுக்கு எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதை அவனவன் முடிவு செய்துகொள்ளட்டும். நான் மலைப் பக்கம்.

ஆனால் நான் சொல்ல வந்தது கொழும்புப் பாதை. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போவது ஏறக்குறைய நேர்தெற்கு. கோடியக்கரையைத் தாண்டியதும் வலப்பக்கம், அதாவது எஃப் பக்கம், கண்ணை எடுக்காதீர்கள். தனுஷ்கோடி முனை ஊசியாக நீண்டு, அதற்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கும். ஒரு பக்கம் பாக் நீரிணையின் கலங்கல், மறுபக்கம் மன்னார் வளைகுடாவின் ஆழ்நீலம். இரண்டு நிறமும் அந்தத் திட்டுகளில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். திரும்பும்போது ஏ பக்கம். என் வாப்பா காலத்தில் கொழும்புக்கு ரயிலும் கப்பலுமாகப் போவார்கள், தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் தலைமன்னாருக்குக் கப்பல். 1964 புயல் அந்த ஊரை அழித்த பிறகு அந்த வழி போயிற்று. அவர் கடந்த நீரை மேலே இருந்து பார்ப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிதான் இருக்கிறது.


செங்கோட்டை பாசஞ்சர்:

ரயில் என்ற சொல்லைக் காக்காதான் முதலில் எடுத்தார், நானில்லை.


குறுக்குத்துறை:

அப்பா இதையெல்லாம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா கேட்பது ஒன்றுதான்: "திருச்செந்தூர் எந்தப் பக்கம்?" அப்பாவுக்கு ஏ, அம்மாவுக்கு எஃப் என்று தனித்தனியே உட்கார வைத்துவிடலாமா? திரும்பும்போது என்ன செய்வது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.


உப்பளத்துப் பையன்:

திரும்பும்போது அதே கிழக்குக் காற்றுதான் அடிக்கும், ஆகவே பெரும்பாலும் மேற்கே வல்லநாடு பக்கம் போய்ச் சுற்றிவந்து, கிழக்கு நோக்கி இறங்கும். ஆடிக் காற்றில் வருகிறவர்களுக்கு நேர்மாறு: கடல் மேலிருந்து மேற்கு நோக்கி இறங்கும், அப்போது எஃப் பக்கம் துறைமுகமும் ஊரும், ஏ பக்கம் கழிமுகம். தையில் அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தத் தடவை மலைக் கட்சிக்கு விட்டுக்கொடுக்கிறேன். தெற்கே வரும்போது மேற்கு என்பது எஃப் பக்கம். சூரியன் மலைக்குப் பின்னே இறங்குவது அந்தப் பக்கம். கடைசியில் வல்லநாட்டுக் குன்றும் முறப்பநாட்டு ஆற்று வளைவும் அதே பக்கம்.


கணக்கு வாத்தியார்:

நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தை மாதம் இங்கே சூரியன் மறைவது ஆறே காலுக்குப் பிறகு, ஆறரைக்குள். அதற்கு முன் வாகைக்குளத்தை நெருங்கும் விமானமாக இருந்தால் எஃப் எடுப்பதில் பொருள் உண்டு. தையில் மாலைச் சூரியன் ஜன்னலுக்கு நேராக இல்லாமல் சற்று முன்பக்கமாக நிற்கும், அதனால் காலை அளவுக்குக் கூசாது. ஏழு மணிக்கு மேல் வந்து சேருவதாக இருந்தால் மலையாவது ஆறாவது. ஊர் விளக்குகளும் துறைமுக விளக்குகளும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளும்தான். இருட்டில் பார்க்க வேண்டுமானால் உள்ளே எரியும் விளக்கு கண்ணாடியில் படாதபடி கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஏ பக்கத்துக்கும் மாலையில் ஒன்று உண்டு. வெயில் மேற்கிலிருந்து விழுவதால் கிழக்கே பாக் நீரிணைக் கரை பளிச்சென்று தெரியும். தெளிவாக இருந்தால் இராமேசுவரத் தீவு வரை பார்வை போகும். அம்மாவுக்குக் கடல்தானே வேண்டும்.


அம்பை மதினி:

பார்த்தீர்களா, போகும்போதும் வரும்போதும் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஓரம். வாத்தியார் நல்ல குடும்பக் கணக்குத்தான் போட்டிருக்கிறார்.

தம்பி, அம்மாவைக் கேட்டீர்களா? முதல் தடவை விமானம் ஓடி மேலே எழும்பும்போது பக்கத்தில் சொந்தக்காரர் கை இருக்க வேண்டும். என் மாமியார் அந்த நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. காட்சி எல்லாம் அதற்கப்புறம்தான். நீங்கள் டி எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு எஃப் கொடுங்கள். அப்பா ஏ பக்கம் தனியாக இருக்கட்டும். வரைபடம் இருக்கிறதே துணைக்கு. அந்த விமானத்தில் நடைவழி ஒரு முழம் அகலம்தான், கையை நீட்டினால் மிட்டாய் கொடுக்கலாம். பெல்ட் விளக்கு அணைந்ததும் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பெரியவர்கள் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.


தென்காசிச் சாரல்:

மாறிக்கொள்வதற்கு ஏற்ற நேரம் கமுதியைத் தாண்டிய பிறகு. கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது, வறண்ட நிலத்தின் நடுவே கருநீலத் தகடுகள். பாதை அன்றைக்கு எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கத்து ஜன்னலில் வரும். அதன்பின் காவிரியும் கொள்ளிடமும் வரும்போது அம்மா எந்தப் பக்கம் இருந்தாலும் தெரியும். கொள்ளிடத்தின் அகன்ற மணல் பட்டையைத் தவறவிட முடியாது. கல்லணை, திருவரங்கத் தீவு எல்லாம் ஏ பக்கம். டெல்டா வயல் எஃப் பக்கம்.

சென்னையில் இறங்கும்போது கிழக்குக் காற்றென்றால் மேற்கேயிருந்து வருவார்கள். செம்பரம்பாக்கம் ஏரி ஏ பக்கம், தையில் நிரம்பி இருக்கும். அதற்குள் அப்பா அப்பா இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

படம் எடுப்பீர்கள் என்றால்: கைபேசியைக் கண்ணாடிக்கு மிக அருகில் வையுங்கள், ஆனால் முட்ட வைக்காதீர்கள், அதிர்வு ஏறிவிடும். பிளாஷ் வேண்டாம். கண் கூசாமல் இருக்கப் போடும் போலராய்டு கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், அது ஜன்னல் தகட்டில் எண்ணெய் சிந்தியது போல நிறம் நிறமாகக் காட்டும். ஜன்னலின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அம்மா பார்த்துப் பயப்படப் போகிறார். அது ஓட்டை அல்ல, கண்ணாடி அடுக்குகளுக்கு இடையே காற்றழுத்தத்தைச் சமன் செய்யவும் பனி படியாமல் காக்கவும் வேண்டுமென்றே வைத்தது.


காயல் காக்கா:

படம் எடுப்பது நம் ஊரிலும் சென்னையிலும் சிக்கல் இல்லை. கோவா டபோலிம், புனே மாதிரிப் படைத்துறைத் தளத்தோடு சேர்ந்த விமான நிலையங்களில் மட்டும் தரையிலும் ஏறி இறங்கும்போதும் கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். பணிப்பெண் சொன்னால் சொன்னதுதான்.


உப்பளத்துப் பையன்:

போகி அன்றைக்கு டிக்கெட் எடுக்கவில்லையே? சென்னையில் புகைமூட்டத்தில் விமானங்கள் சிக்கிக்கொள்ளும் நாள் அது.


குறுக்குத்துறை:

போகிக்குப் பிறகுதான். எடுத்துவிட்டேன். போகும்போது பின்பகுதியில் ஒரே வரிசை: அப்பா ஏ, நான் டி, அம்மா எஃப். திரும்பும் விமானம் ஐந்தே முக்காலுக்கு வாகைக்குளம் வந்துவிடுகிறது, ஆகவே அப்பா எஃப், அம்மா ஏ, நான் சி. அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "உங்கள் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பெல்ட் போட மறந்துவிடுவார், யார் கவனிப்பது?" என்கிறார். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. வரைபடத்தில் மேற்கு, கிழக்குப் பக்கங்களை வேறு வேறு நிறத்தில் கோடு போட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைக் கைப்பையில் கொண்டுபோகலாமா?


அம்பை மதினி:

வெற்றிலைக்கும் சுண்ணாம்புக்கும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாக்குவெட்டியை மட்டும் எடுத்துப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள், சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பாக்கை வீட்டிலேயே நறுக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போட்டால் துப்புவதற்கு அங்கே இடம் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.